பாடகர் ஒருவர் எந்த ஆண்டில் பிறந்தார்? – இணையக் கலைக்களஞ்சியமும் லிங்கித் தோட்டப்புறச் சான்றுகளும்

முன்னுரை

மெல்லிசைப் பாடகர் ஒருவரைப் பற்றிக் கலைக்களஞ்சியக் குறிப்பு எழுதுவது எளிய பணி என்றே பலரும் எண்ணுகின்றனர். பிறந்த நாள், பிறந்த ஊர், பெற்றோர், முதற் பாடல், பெற்ற பரிசு ஆகிய ஐந்து செய்திகள் கிடைத்துவிட்டால் குறிப்பு நிறைவு பெற்றுவிடும் என்பது பொதுவான கருத்தாகும். வரலாற்று முறையியல் பாடத்தில் இக்கட்டுரையாளர் தம் மாணவர்களுக்கு இப்பணியையே ஒரு பயிற்சியாக அளித்து வருகிறார். ஐந்து செய்திகளை மட்டும் திரட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அச்சான சான்று காட்ட வேண்டும். பயிற்சியை முடிப்போர் மிகச் சிலரே.

ஒருமுறை மாணவி ஒருவர் தம் தாத்தாவைத் தேர்ந்துகொண்டார். நெகிரி செம்பிலான் மாநிலம் லிங்கி வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்தவர் அவர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தோட்டத் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் மெல்லிசைக் குழுவோடு பாடி, அவ்வட்டாரத்தில் பெயர் பெற்றிருந்தார். அவர் மறைந்து ஓராண்டு கூட நிறைவடையாத நிலையில், அவரது பெயர் இணையக் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பமாக இருந்தது. மாணவி எழுதிய வரைவு இரண்டு பக்கம் வந்தது. கலைக்களஞ்சியத்தின் விதிகளைக் கொண்டு வகுப்பில் அதனை ஆராய்ந்தபோது ஒரு வரிகூடத் தேறவில்லை. பிறந்த ஆண்டே ஐயத்திற்குரியதாக இருந்தது.

இக்கட்டுரை அவ்வரைவிலிருந்து தோன்றியது. இசைக்கலைஞரைப் பற்றிய நம்பத்தகுந்த செய்தி எவ்வாறு உருவாகிறது, யாரால் உருவாகிறது, தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களுக்கு அது ஏன் உருவாகாமற் போயிற்று என்பனவற்றை ஆராய்வதே இதன் நோக்கமாகும். முதலில் விதிகளையும், அடுத்து உலகறிந்த இரு தமிழ்ப் பாடகர்களின் குறிப்புகளையும் நோக்கி, அதன்பின் லிங்கிக்குத் திரும்புவோம்.

கலைக்களஞ்சியத்தின் விதி

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு உருப்பெற்றது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்பது இக்களஞ்சியத்தின் அடிப்படை. இத்தகைய திறந்த முறை நிலைத்து நிற்பதற்கு மூன்று விதிகள் அரணாக அமைந்துள்ளன. எழுதப்படுவது சரிபார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். நடுநிலையோடு அமைதல் வேண்டும். எழுதுபவர் தாமே நேரடியாகக் கண்டறிந்த புதிய ஆய்வு முடிவாக இருத்தல் கூடாது. முன்னரே நம்பகமான ஓர் ஏட்டில் வெளிவந்த செய்தியை எடுத்துச் சொல்வதே கலைக்களஞ்சியத்தின் கடமை என்பது இவற்றின் சாரமாகும்.

இவ்விதிகள் வீண் கெடுபிடி அல்ல. 2005ஆம் ஆண்டு அமெரிக்க இதழாளர் ஜான் சீகந்தாலரைக் கென்னடி சகோதரர் கொலைகளோடு தொடர்புபடுத்திய பொய்ச் செய்தி ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் பல மாதங்கள் திருத்தப்படாமல் இருந்தது. வாழும் மனிதரைப் பற்றிச் சான்றின்றி எழுதப்படும் பாதகமான செய்தியை உடனே நீக்க வேண்டும் என்னும் கொள்கை இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே வலுப்பெற்றது.

இசைத்துறையிலிருந்தும் இரு நிகழ்ச்சிகளைச் சுட்டலாம். பிரித்தானிய இசையமைப்பாளர் ரானி ஹேசல்ஹர்ஸ்ட் 2007 அக்டோபரில் காலமானார். எஸ் கிளப் 7 என்னும் பாப் குழுவின் புகழ்பெற்ற பாடல் ஒன்றை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு என்று யாரோ ஒருவர் அவரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையில் விளையாட்டாகச் சேர்த்திருந்தார். பிரித்தானியாவின் முன்னணி ஏடுகள் பல, தங்கள் இரங்கற் குறிப்புகளில் அப்பொய்யை உண்மையென வெளியிட்டன. 2009 மார்ச் மாதம் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரீஸ் ஜார் மறைந்தபோது, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி (யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளின்) மாணவர் ஒருவர் தாமே புனைந்த கூற்றொன்றை ஜாரின் கூற்றாக விக்கிப்பீடியாவில் பதிந்தார். பல நாட்டு நாளேடுகள் அதனை எடுத்தாண்டன. அம்மாணவரே உண்மையை வெளிப்படுத்திய பிறகுதான் தவறு தெரியவந்தது.

இவற்றில் ஆபத்து இரு மடங்காகிறது. களஞ்சியத்தில் உள்ளதை நாளேடு எடுத்து எழுதுகிறது. பின்னர் அந்நாளேட்டையே சான்றாகக் காட்டிக் களஞ்சியம் தன் கூற்றை நிலைநாட்டிக்கொள்கிறது. பத்து இடங்களில் ஒரு செய்தி காணப்படுவதால் மட்டும் பத்துச் சான்றுகள் உள்ளன எனக் கொள்ளல் ஆகாது. பத்தும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவையாக இருக்கலாம். எனவே, 'எத்தனை பேர் சொல்கின்றனர்?' என்னும் வினாவுக்கு முன்னர், 'முதலில் சொன்னவர் யார்? அவர் அதை எவ்வாறு அறிந்தார்?' என்னும் வினாவே எழுப்பப்பட வேண்டும்.

மாதங்கி அருள்பிரகாசம்: தமிழில் இருந்த விடை

இவ்வினாவின் பயனை உணர்த்துவதற்கு, எம்.ஐ.ஏ. என்னும் மேடைப்பெயரால் உலகப் புகழ் பெற்ற மாதங்கி அருள்பிரகாசம் தக்க எடுத்துக்காட்டாவார். இலண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த இவர், கைக்குழந்தையாக இருந்தபோதே இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கும் சென்னையிலும் வளர்ந்து, எண்பதுகளின் நடுவில் தாயாரோடும் உடன்பிறந்தாரோடும் ஏதிலியாக இலண்டன் திரும்பியவர். 2005இல் வெளிவந்த இவரது முதல் தொகுப்பு தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கி 'அருளர்' என்றும், 2007இல் வெளிவந்த இரண்டாம் தொகுப்பு தாயின் பெயரால் 'கலா' என்றும் பெயரிடப்பட்டன. ஏ. ஆர். ரகுமானோடு இணைந்து 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திற்காக உருவாக்கிய பாடல் 2009இல் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

இத்துணைப் புகழ் பெற்றவரின் பிறந்த ஆண்டிலேயே தொடக்கத்தில் முரண்பாடு இருந்தது. தொடக்ககாலக் குறிப்புகள் சில 1977 என்றன. பின்னர் 1975 ஜூலை 18 என்பது நிலைபெற்றது. கலைத்துறையில் வயதைக் குறைத்துக் காட்டுவது புதிதன்று. விளம்பரக் குறிப்பு பிறந்த நாளுக்குத் தக்க சான்றாகாது என்பதை இது நினைவூட்டுகிறது.

இதனினும் பாரதூரமான தவறு அவருடைய தந்தையைப் பற்றியது. அவர் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்று ஆங்கில ஏடுகள் பல திரும்பத் திரும்ப எழுதின. உண்மையில் அருளர் என அறியப்பட்ட அருட்பிரகாசம், எழுபதுகளின் நடுப்பகுதியில் இலண்டனில் இரத்தினசபாபதி முதலியோர் உருவாக்கிய ஈரோஸ் அமைப்பின் முன்னோடிகளுள் ஒருவர். ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பதற்கு ஐயத்திற்கிடமற்ற வரலாற்றுச் சான்று உண்டு. 1985ஆம் ஆண்டு பூட்டானின் திம்பு நகரில் இலங்கை அரசோடு நடைபெற்ற பேச்சுவார்த்தையில் இவ்விரு அமைப்புகளும் தனித்தனியே பங்கேற்றன. பிற்காலத்தில், 1990இல், ஈரோஸ் அமைப்பினருள் ஒரு பகுதியினர் புலிகளோடு இணைந்தமை குழப்பத்திற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயின், பிற்கால இணைப்பைக் கொண்டு முற்காலத் தோற்றத்தைக் கணிப்பது வரலாற்று நெறியாகாது.

இங்குக் கருதத்தக்கது யாதெனில், இதற்கான விடை தமிழ் வாசகர் அறியாத ஒன்றன்று என்பதாகும். 1977ஆம் ஆண்டு இனக் கலவரத்தில் இடம்பெயர்ந்தோரை ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாகக் கொண்டு 'லங்கா ராணி' என்னும் நாவலை எழுதியவர் இதே அருளர். ஈழ இயக்கங்களின் வரலாற்றைத் தமிழில் படித்தவர்களுக்கு அவர் எந்த அமைப்பைச் சார்ந்தவர் என்பது தெரிந்த செய்தியே. ஆங்கில விக்கிப்பீடியாவின் விதிகளும் பிறமொழிச் சான்றுகளைத் தடை செய்யவில்லை. தமிழேட்டில் இருந்ததை ஆங்கிலக் களஞ்சியத்தின் பக்கத்திற்கு எடுத்துச் செல்வாரின்மையே தவறு நெடுங்காலம் நீடித்ததற்குக் காரணம் எனலாம்.

இத்தவறு வெறும் பெயர்க்குழப்பம் அன்று. புலிகள் இயக்கம் இந்தியாவில் 1992இலும் பிரித்தானியாவில் 2001இலும் தடை செய்யப்பட்டது. அமெரிக்கா 1997இல் அதனைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய அமைப்பின் பெயரை ஒருவரது குடும்பத்தோடு சேர்த்து எழுதுவதன் விளைவு எத்தகையது என்பதை மலேசியத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் அவ்வியக்கத் தொடர்பு உண்டென்னும் ஐயத்தின்பேரில் நம் நாட்டில் 12 பேர் கைது செய்யப்பட்டதும், 2020 பிப்ரவரியில் அவர்கள் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டதும் நம் நினைவில் உள்ளன. ஒரு சொல்லைச் சான்றின்றி எழுதுபவர் அதன் சுமையைத் தாம் சுமப்பதில்லை, எழுதப்பட்டவரே சுமக்கிறார்.

கமலேஸ்வரன்: இல்லாத நாட்டில் பிறந்தவர்

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் மண்ணில் பிறந்தவர். கமால் என ஆஸ்திரேலியாவில் அறியப்படும் கந்தையா கமலேஸ்வரன், 1934 நவம்பர் 13ஆம் நாள் கோலாலம்பூரில் யாழ்ப்பாணத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1953இல் கல்வியின் பொருட்டு அடிலெய்டு நகருக்குச் சென்று, பின்னர்ப் பாடகராகப் புகழ்பெற்றார். யானைகளைப் பற்றி அவர் பாடிய பாடல் 1975இல் நெதர்லாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

இவரைப் பற்றிய குறிப்புகள் பல 'மலேசியாவில் பிறந்தவர்' எனத் தொடங்குகின்றன. மலேசியா 1963 செப்டம்பர் 16ஆம் நாள் உருவான நாடு. 1934இல் கோலாலம்பூர், பிரித்தானிய ஆதிக்கத்திற்குட்பட்ட ஐக்கிய மலாய் மாநிலங்களின் தலைநகராக இருந்தது. இன்றைய வாசகனின் வசதிக்காக இன்றைய நாட்டின் பெயரைத் தருவதில் பிழையில்லை. ஆயினும், அக்காலப் பெயரையும் உடன் தராவிடில், அவர் எந்தக் குடிமைநிலையில் கடல் கடந்தார் என்னும் வரலாறு மறைந்துவிடுகிறது. இவரை இந்தியர் என்பாரும், இலங்கையர் என்பாரும், மலேசியர் என்பாரும் உளர். ஒவ்வொரு பெயரும் ஏதோ ஒரு வகையில் பொருந்தும். எதுவும் தனித்து நின்று முழுமையாகப் பொருந்தாது. 'கோலாலம்பூரில் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆஸ்திரேலியப் பாடகர்' என்று எழுதுவதே நேர்மையானது.

கமலேஸ்வரனின் பிறந்த நாளில் முரண்பாடு எழவில்லை. அதற்குச் சமூகக் காரணம் உண்டு. மலாயாவின் யாழ்ப்பாணத் தமிழருள் பலர் இருப்புப்பாதைத் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகப் பணியாற்றியவர்கள். ஏடும் பதிவும் அவர்களின் அன்றாடத் தொழில். தோட்டங்களில் கிராணி வேலை பார்த்தவர்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளுமே. எழுதுபவரின் பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் இருந்தது. எழுதப்பட்டவரின் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது என்பதை அறிய லிங்கிக்குச் செல்ல வேண்டியுள்ளது.

லிங்கியின் ஏடுகள்

லிங்கி ஆறு, நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக அமைந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் ஈயம் கடலுக்குச் சென்ற வழி இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. லிங்கியின் பெயரைத் தாங்கிய தோட்ட நிறுவனமும் பிரித்தானிய முதலீட்டில் உருவாகியது. 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியின் துணையோடு கங்காணிகள் வழியாகத் தமிழகத் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இவ்வருகை தொடர்ந்தது.

தோட்டத்தில் மனிதரைப் பற்றிய பதிவு இல்லாமல் இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்பட்டது. செக்ரோலில் நாள்வேலை பதியப்பட்டது. தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸர் நோயையும் மருந்தையும் எழுதிவைத்தார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழியாகத் தோட்டப் பள்ளி அமைந்த இடங்களில் மாணவர் பெயர்ப்பதிவும் இருந்தது. எனவே, 'தோட்டத்து மக்களுக்கு ஏடு இல்லை' என்னும் கூற்று முழு உண்மையன்று. ஏடு இருந்தது, அது கூலியைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்டது. பெயர் பிழையாக இருந்தாலும் கூலி சரியாக இருந்தால் அவ்வேட்டின் நோக்கம் நிறைவேறிவிடும். ஒரே பெயருடைய மூவர் எண்ணால் வேறுபடுத்தப்பட்டனர். வயது, முழுக்கூலிக்கு உரியவரா அரைக்கூலிக்கு உரியவரா என்பதை முடிவு செய்யும் அளவுக்கு மட்டுமே தேவைப்பட்டது. சான்றை மதிப்பிடுவோர், அது எதற்காக எழுதப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்பதற்குச் செக்ரோலைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் தோட்ட அலுவலகங்கள் கைவிடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவருக்கும் அடையாளக் கார்டு கட்டாயமாக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவரின் பிறந்த ஆண்டு, அவர் வாயாலோ தோட்ட அலுவலகக் கடிதத்தாலோ அன்று ஒரு மேசையில் முடிவு செய்யப்பட்டது. அவ்வாறு முடிவான ஆண்டே பின்னர்க் குடியுரிமை, திருமணம், ஓய்வுக்கால நிதி ஆகிய அனைத்திலும் பின்தொடர்ந்தது. அதே குறையின் மறுபக்கத்தை, ஆவணமின்றித் தவித்த இந்தியக் குடும்பங்களைப் பதிவு செய்ய 2011இல் அரசு மேற்கொண்ட மைடாஃப்தார் இயக்கத்தின்போது நாம் கண்டோம்.

மாணவியின் தாத்தாவுக்குத் திரும்புவோம். அடையாளக் கார்டு அவர் 1939இல் பிறந்தவர் என்றது. அவருடைய தம்பியோ, "ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தின மாசியில பொறந்தாருன்னு அம்மா சொல்லும்" என்றார். அவ்வாறாயின் 1941 பிப்ரவரி அல்லது மார்ச் மாதம் என்றாகிறது. வீட்டில் பாதுகாக்கப்பட்ட பள்ளி விலகல் சான்றிதழில், 1948இல் 7 வயதில் சேர்க்கப்பட்டார் என்னும் குறிப்பு இருந்தது. மூன்று சான்றுகளில் இரண்டு 1941ஐச் சுட்டுகின்றன. ஆயினும், பள்ளியில் வயதைச் சொன்னவரும் அதே தாயார்தாம். எனவே அவை இரண்டும் தனித்தனிச் சான்றுகள் ஆகமாட்டா.

அடையாளக் கார்டில் இரண்டு வயது கூடியது ஏன் என்று மாணவி கேட்டபோது தம்பி தந்த விளக்கம் எளிமையானது. தந்தை இறந்தபின் மூத்த மகனைச் செக்ரோலில் சேர்க்க வேண்டியிருந்தது, அதற்கு வயது போதவில்லை, கூட்டிச் சொல்லப்பட்டது. வயதைக் கூட்டுவதற்கு இங்குத் தெளிவான தேவை இருந்தது. குறைப்பதற்கு யாருக்கும் எத்தேவையும் இருக்கவில்லை. ஆகவே 1941 என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும் அதனை உறுதியான ஆண்டாக எழுதாமல், '1941 (அடையாளக் கார்டின்படி 1939)' என எழுதுவதென வகுப்பில் முடிவாயிற்று. அடைப்புக்குறிக்குள் அமைந்த அவ்விரண்டாண்டு வேறுபாட்டில்தான், பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுவன் ஒருவன் பால்மரம் வெட்டச் சென்ற வரலாறு இருக்கிறது.

நுண்படச் சுருளில் கிடைத்த செய்தி

அடுத்த செய்தி, அவர் வானொலிப் பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றார் என்பதாகும். குடும்பத்தினர் அனைவரும் ஒரே குரலில் இதனைக் கூறினர். சான்றாக, குறிப்பேடு ஒன்றில் ஒட்டப்பட்டிருந்த நாளேட்டுத் துணுக்கு காட்டப்பட்டது. ஏட்டின் பெயரும் தேதியும் இல்லை. செய்தியின் பிற்பகுதி கத்தரிக்கப்பட்டிருந்தது. துணுக்கை நீராவியில் காட்டிக் கழற்றிப் பார்த்தபோது, அதன் பின்புறத்தில் 'எங்க வீட்டுப் பிள்ளை' படத்தின் விளம்பரம் காணப்பட்டது. அப்படம் 1965ஆம் ஆண்டு பொங்கலுக்குத் தமிழகத்தில் வெளியானது. எனவே துணுக்கு அதற்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. மலேசியத் திரையரங்குகளில் படம் ஓடிய மாதங்களைத் தேடினால் போதும் என்றாயிற்று.

மாணவி நான்கு சனிக்கிழமைகள் நூலகத்தில் நுண்படச் சுருள்களைச் சுழற்றினார். நான்காவது வாரம் அச்செய்தி முழுமையாகக் கிடைத்தது. தாத்தாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் தெளிவாக அச்சாகியிருந்தன. ஆனால் அவர் பெற்றது இரண்டாம் பரிசு. கத்தரிக்கப்பட்ட பகுதியில் முதற்பரிசு பெற்றவரின் பெயர் இருந்தது. யார் கத்தரித்தார், எதற்காகக் கத்தரித்தார் என்பதை இன்று அறிய இயலாது. ஒட்டுவதற்கு இடம் போதாமையும் காரணமாக இருக்கலாம்.

இதனைக் குடும்பத்திற்குச் சொல்வதா என மாணவி தயங்கினார். குடும்பப் பெருமைக்கும் உண்மைக்கும் இடையில் ஆய்வாளர் நிற்கும் இடம் எளிதானதன்று. அவர் சொன்னபோது பாட்டியார் சிறிது நேரம் பேசாதிருந்து, "ரெண்டாவதா வந்தாலும் பேப்பர்ல போட்டானே, அது பொய்யில்லையே" என்றாராம். இக்கட்டுரையாளரின் நோக்கில், சான்றாய்வின் பயனை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. முதற்பரிசு என்னும் கூற்று வீட்டுக்குள் மட்டுமே செல்லும். இரண்டாம் பரிசு என்னும் செய்தி, நாளும் பக்கமும் பெற்று, யாரும் சென்று சரிபார்க்கத்தக்க வரலாறாகிவிட்டது.

அவர் பாடி வெளிவந்த இசைத்தட்டைப் பொறுத்தவரை, தட்டின் மேலொட்டில் பெயரும் வரிசை எண்ணும் மட்டுமே இருந்தன, ஆண்டு இல்லை. அக்காலத் தட்டுகள் பலவற்றின் நிலை இதுவே. அதே நிறுவனத்தின் பிற தட்டுகளின் எண்களையும் அவற்றைப் பற்றிய விளம்பரத் தேதிகளையும் ஒப்பிட்டு ஆண்டை நெருங்கலாம். அது ஆய்வு. கலைக்களஞ்சியத்தில் அதனை நேரடியாக எழுத முடியாது. வேறோர் ஏட்டில் முதலில் வெளியிடப்பட வேண்டும்.

இடையில் இல்லாத ஏடு

இவ்விடத்தில்தான் சிக்கலின் வேர் புலனாகிறது. நினைவு, துணுக்கு, சான்றிதழ், இசைத்தட்டு ஆகியவை ஒரு பக்கம் உள்ளன. கலைக்களஞ்சியம் மறுபக்கம் உள்ளது. இரண்டையும் இணைக்க வேண்டியது, சான்றுகளை ஆராய்ந்து வெளியிடும் இடைநிலை ஏடு. நம் மெல்லிசைக் கலைஞர்களைப் பொறுத்தவரை அவ்வேடு மிகக் குறைவு. 2006இல் 'வல்லவன்' தொகுப்பின் மூலம் யோகி பி-யும் நட்சத்ராவும் மலேசியத் தமிழ்ச் சொல்லிசையைத் தமிழகத்திற்கும் கொண்டுசென்றனர். அத்தகையோரைப் பற்றிய செய்திகளேனும் இணையத்தில் பதிவாகியுள்ளன. அவர்களுக்கு முந்தைய இரு தலைமுறையினரின் மேடைகளும் வானொலி நிகழ்ச்சிகளும் நாளேடுகளின் ஞாயிறு மலர்களிலேயே தங்கிவிட்டன. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. ஓர் ஏடு நிற்கும்போது எதிர்காலச் செய்தி மட்டும் நின்றுவிடுவதில்லை. அதன் பழைய இதழ்களைப் பேண வேண்டியவர் யார் என்னும் கேள்வியும் எழுகிறது.

கலைக்களஞ்சியத்தின் விதி தளர்த்தப்பட வேண்டும் எனச் சிலர் வாதிடுவர். வாய்மொழி வழக்கே மிகுந்த சமூகங்களுக்கு இவ்விதி அநீதி இழைக்கிறது என்னும் அவர்களது கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் விதியைத் தளர்த்தினால் லிங்கிப் பாடகரின் முதற்பரிசும் நிலைத்திருக்கும்; அருளர் புலி இயக்கத்தவர் என்னும் தவறும் நிலைத்திருக்கும். விதி இருக்கட்டும், அது கேட்கும் ஏட்டை நாம் உருவாக்குவோம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

அதற்கான வழிகள் நம் கைக்கெட்டியவையே. முதலாவது, இத்தகைய துறை இதழ்களில் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு கலைஞரைப் பற்றி, சான்று காட்டும் சிறு வாழ்க்கைக் குறிப்பு வெளியிடலாம். மாணவரின் நேர்காணல் அப்போது ஆய்வேட்டுச் சான்றாகிறது. இரண்டாவது, 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் அச்சுநூலுக்கு மட்டுமன்றி ஒலிப்பதிவுகளுக்கும் உரியது. இன்று தொகுப்பு வெளியிடும் இளங்கலைஞர்கள் தேசிய நூலகத்திற்கு அதனை ஒப்படைத்தால், வெளியீட்டு ஆண்டு பற்றிய ஐயம் நாளை எழாது. மூன்றாவது, ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை 2005 முதல் மின்வடிவாக்கிவரும் நூலகம் திட்டத்தைப் போன்றதொரு முயற்சி, மலேசியத் தமிழ் ஏடுகளுக்கும் தேவை. திருவிழா அறிவிப்புகள், கலைநிகழ்ச்சித் துண்டறிக்கைகள், தோட்டப் பள்ளி ஆண்டு மலர்கள் ஆகியவையும் அதில் இடம்பெறல் வேண்டும்.

நேர்காணல் மேற்கொள்ளும் மாணவர்க்குச் சில நெறிகளையும் இங்குக் குறிப்பிடலாம். ஆண்டைக் கேட்பதைவிட நிகழ்ச்சியைக் கேட்பது பயன்தரும். 'ஜப்பான்காரன் வருவதற்கு முன்னா பின்னா?' என்னும் வினா, எண்ணைக் காட்டிலும் நினைவுக்கு நெருக்கமானது. இருவர் ஒரே செய்தியைச் சொன்னால், இருவரும் அதனை யாரிடம் கேட்டனர் என வினவ வேண்டும். துணுக்குகளின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். முரண்படும் ஆண்டுகளுள் ஒன்றை மறைக்காமல், இரண்டையும் காரணத்தோடு தர வேண்டும். வாழ்வோரின் தனிச் செய்திகள் பொது நலனுக்குத் தேவையற்றவையாயின், உண்மையாயினும் விட்டுவிட வேண்டும்.

முடிவுரை

பாடகர் ஒருவரின் பிறந்த ஆண்டு சிறிய செய்தி. அச்செய்தி எவ்வாறு ஏட்டில் ஏறியது என்று தேடும்போது, புலம்பெயர்ந்த குடும்பமொன்றின் மீது ஆங்கில நாளேடுகள் சுமத்திய தவறான அடையாளமும், பிறந்தபோது இல்லாத நாட்டின் பெயரைத் தாங்கிய பாடகரும், கூலிக் கணக்குக்காக வயது கூட்டப்பட்ட லிங்கிச் சிறுவனும் நமக்குத் தெரிய வருகின்றனர். மாதங்கியின் தந்தையைப் பற்றிய விடை தமிழில் இருந்தும் எடுத்துச் செல்லப்படவில்லை. லிங்கிப் பாடகரைப் பற்றிய விடை ஒரு நுண்படச் சுருளில் இருந்தும் தேடப்படவில்லை. இரண்டிலும் குறை ஒன்றே.

லிங்கித் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டன. லயங்களில் வாழ்ந்தோர் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் குடிபெயர்ந்தனர். 'ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தின மாசி' என்று சொல்லத்தக்கவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. மாணவியின் வரைவு இரண்டு பக்கத்திலிருந்து ஒன்பது வரியாகச் சுருங்கியுள்ளது. அவ்வொன்பது வரிகளுக்கும் இன்று சான்று உண்டு. அடுத்த மாணவர் பத்தாவது வரியைத் தேடத் தொடங்கலாம்.